பக்கத்துக் கடையில் நியாயமாக வாங்க ஒரு செயலி: சேலத்திலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

சேலம் நகரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் சேர்த்து ஒரு கைபேசிச் செயலியை நாங்கள் சிலர் வடிவமைத்து வருகிறோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே பொருள் வாங்க வேண்டும், அதில் விளைவித்தவருக்கும் நெய்தவருக்கும் உரியது போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வழிகாட்டுவதுதான் அதன் வேலை. கடைக்காரர்கள், வாங்குகிறவர்கள், இதேபோல் தங்கள் ஊருக்குச் செய்ய நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நியாயமாக வாங்குவது என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்கலாம். இது எங்கே விளைந்தது அல்லது எங்கே செய்யப்பட்டது? செய்தவருக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா? எடையும் தரமும் சொன்னபடி இருக்கிறதா? இதைச் செய்ததில் மண்ணும் தண்ணீரும் என்ன ஆயின?

நான்குக்கும் ஒரே கடையில் நல்ல பதில் கிடைப்பது அரிது. ஒருவருக்குக் கூலிதான் முதல், இன்னொருவருக்குப் பூச்சிமருந்து இல்லாத காய் முதல். எது முக்கியம் என்பதை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். பதில்கள் அவர் கைக்கு வர வேண்டும், அதற்குத்தான் செயலி.

கடைகளுக்கு நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் உண்டா?

கிடையாது. முதலில் போட்டிருந்தோம், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் முதல் வரைவில் ஒவ்வொரு கடைக்கும் 5 நட்சத்திரம் வரை இருந்தது. உரிமம் இருக்கிறதா, சான்று இருக்கிறதா, ரசீது தருகிறாரா, பொட்டலத்தில் விவரம் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் கூட்டினோம். எல்லாக் காகிதமும் வைத்திருந்த ஒரு பெரிய கடைக்கு முழு நட்சத்திரம் வந்தது. அம்மாப்பேட்டைப் பக்கம் தன் வீட்டுத் தறியில் தானே நெய்து விற்கும் ஒருவருக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பெரிய கடையில் நெய்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இவர் வீட்டிலோ நெய்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அளவுகோலையே தப்பாகப் பிடித்திருந்தோம். காகிதம் வைத்திருப்பது வசதி உள்ளவர்களுக்கு எளிது. காகிதத்தை எண்ணி மதிப்பெண் போட்டால் சின்னவர்கள் எப்போதும் கடைசியில்தான் நிற்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நட்சத்திரத்தைப் பார்த்ததும் வாங்குகிறவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

அப்படியானால் ஒரு கடையின் பக்கத்தில் என்னதான் இருக்கும்?

சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எப்படித் தெரிந்தது என்பதும் தேதியும் இருக்கும். மூன்றே வகைதான்: கண்ணால் பார்த்தது, கடைக்காரர் சொன்னது, முத்திரை அல்லது சான்றில் இருப்பது. மூன்றுக்கும் மூன்று நிறம்.

“வீட்டிலேயே இரண்டு தறி ஓடுகிறது” என்பது கண்ணால் பார்த்தது. “பாவு நூல் நெசவாளர் சங்கத்திலிருந்து வருகிறது” என்பது அவர் சொன்னது. “தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறது” என்பது முத்திரையில் இருப்பது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டினால் படிப்பவர் ஏமாந்துபோவார். ஓர் ஆண்டுக்கு மேல் பழைய வாக்கியம் தானாக மங்கிவிடும். யாராவது மறுபடி போய்ப் பார்த்துச் சொன்னால்தான் பழைய நிறத்துக்கு வரும்.

தெரியாததை வெற்றிடமாகவே விடுகிறோம். “கூலி: இன்னும் கேட்கவில்லை” என்று அதே இடத்தில் தெரியும். வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் போய்க் கேட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொட்டலத்தில் இத்தனை முத்திரைகள் இருக்கின்றனவே, அவை போதாதா?

ஒவ்வொரு முத்திரையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மற்றதற்கும் சேர்த்துச் சொல்வதாக நாம் எடுத்துக்கொள்வதில்தான் பிழை வருகிறது.

உணவுப் பொட்டலத்தில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், தயாரிப்பவர் உரிமமோ பதிவோ பெற்றிருக்கிறார் என்று சொல்கிறது. அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பொருள் இயற்கை விவசாயத்தில் விளைந்ததா என்பதை அது சொல்லாது. அதற்கு ஜைவிக் பாரத் முத்திரை வேண்டும். சின்ன விவசாயி தன் விளைச்சலைத் தானே நேரடியாக விற்றால், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்வரை, இயற்கை விளைச்சலுக்கான சான்று இல்லாமலே விற்க விதி இடம் தருகிறது. முத்திரையை மட்டும் அவர் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே உழவர் சந்தையில் முத்திரை இல்லாமல் கீரை விற்பவரைச் சந்தேகப்படுவதும் நியாயமில்லை, “இயற்கை” என்று எழுதி ஒட்டிய எல்லாவற்றையும் நம்புவதும் சரியில்லை.

துணிக்குக் கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. துணி கைத்தறியில் நெய்ததா என்பதற்கு அது பதில். நெய்தவர் கூலிக்கு நெய்கிறவரா, சங்கத்து உறுப்பினரா, சொந்தமாக நெய்து விற்கிறவரா என்பது அதில் தெரியாது. சேலத்தில் இந்த மூன்றுக்கும் வருமானத்தில் பெரிய வேறுபாடு உண்டு. அதனால் துணிக்கடைப் பக்கத்தில் இதைத் தனிக் கேள்வியாகவே வைத்திருக்கிறோம். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊருக்கான அடையாளம், கூலியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

வெள்ளிக் கொலுசு வேறு கதை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினாலும் வேறு ஊர்க் கடையில் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது “எத்தனை டச்சுங்க?” என்பதுதான். டச் என்பது வெள்ளியின் தூய்மை அளவு. தங்க நகைக்கு ஹால்மார்க் 2021-இலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. வெள்ளிக்கு 2025 செப்டம்பரில் ஒவ்வொரு நகைக்கும் தனி எண் தரும் முறை வந்தபோது அது விருப்பத்தின் பேரிலானதாகவே வந்தது. டச் எவ்வளவு என்பதை ரசீதில் எழுதித் தரும் கடை என்றால் அதை முதல் வரியிலேயே காட்டுகிறோம். கொலுசு வேலை பெரும்பாலும் வீடுகளில் நடக்கிறது. பற்றவைக்கும் புகையையும் அமிலத்தையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு குடும்பமே வேலை செய்கிறது. அதைப் பற்றி எந்த முத்திரையிலும் ஒரு சொல் கிடையாது.

ஜவ்வரிசிக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறீர்களே, ஏன்?

சேலத்தில் இதைச் சரியாகச் செய்யாவிட்டால் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்று நினைக்கிறேன். மாவட்டத்தில் ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கு போடாத வட்டாரம் குறைவு. ஜவ்வரிசி ஆலைகளுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-இலிருந்து இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சிக்கல் நிறத்தில் தொடங்குகிறது. தோல் சீவிய கிழங்கிலிருந்து மாவெடுத்துச் செய்த ஜவ்வரிசி பளிச்சென்ற வெள்ளையாக இருக்காது, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். வாங்குகிறவர்களுக்கு வெள்ளை வேண்டும். அந்த வெள்ளைக்காகச் சில இடங்களில் வேதிப்பொருள் சேர்ப்பதும், மக்காச்சோள மாவு கலப்பதும் நடந்து, உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆலையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, கடையில் வெள்ளையாக இருப்பதைத் தேடி எடுப்பது நாம்தான். அதனால் எங்கள் செயலியில் ஜவ்வரிசிப் படங்களுக்கு ஒரு விதி வைத்தோம்: எந்தப் படத்தையும் வெளிச்சம் கூட்டிப் போடக் கூடாது. மங்கலான நிறம்தான் இயல்பு என்று ஒரு வரி எப்போதும் கூடவே வரும்.

விவசாயி பக்கம் போனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. கிழங்குக்கு விலை எடையை மட்டும் பார்த்துப் போடுவதில்லை, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். ஒரு பாயிண்ட் குறைத்து அளந்தாலும் லோடு முழுவதற்கும் பணம் குறையும். அளப்பதை விவசாயி பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறதா என்பது நியாயத்தைப் பற்றிய பெரிய கேள்வி. கடையில் அரைக் கிலோ ஜவ்வரிசி வாங்குகிறவருக்கு அதை எப்படித் தெரிவிப்பது? இதற்கு இன்னும் நல்ல வழி எங்களிடம் இல்லை. இப்போதைக்கு ஆலையின் பெயர் பொட்டலத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் குறிக்கிறோம். பெயர் இருந்தால்தான் அடுத்த கேள்வியைக் கேட்கவே முடியும்.

ஏற்காட்டில் வாங்கும் காபித்தூள் ஏற்காட்டுக் காபிதானா?

கேட்டால்தான் தெரியும். சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே காபி வந்துவிட்டது. சில்வர் ஓக் மரத்து நிழலில் காபி, அந்த மரத்திலேயே மிளகுக்கொடி என்று இன்றும் நடக்கிறது. ஆனால் சாலையோரக் கடையில் “ஏற்காடு காபி” என்று எழுதியிருந்தால், பழம் இங்கே பறித்ததா, வறுத்து அரைத்தது மட்டும் இங்கேயா என்பது பலகையில் தெரியாது.

மூன்று கேள்வி வைத்திருக்கிறோம். எந்தத் தோட்டத்துக் காபி? சிக்கரி எவ்வளவு? பழம் பறிப்பவருக்குக் கூலி நாள் கணக்கா, கிலோ கணக்கா? இரண்டாவதற்குப் பொட்டலமே பதில் சொல்ல வேண்டும். சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலவை எவ்வளவு என்பதையும் அச்சிட்டிருக்க வேண்டும். மூன்றாவதற்குக் கடைக்காரருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். “தெரியலைங்க, தோட்டத்துல கேட்டுச் சொல்றேன்” என்று ஒருவர் சொன்னாலே அது எங்களுக்கு நல்ல பதில்.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கொண்டுவரும் தேன், மிளகு, பழம் எல்லாவற்றுக்கும் இதேதான். அவர்களிடம் நேராக வாங்கினீர்களா, நடுவில் எத்தனை கை மாறியது என்று கேட்க வேண்டும்.

“பக்கத்தில்” என்றால் எத்தனை கிலோமீட்டர்?

இது சின்ன விஷயம் என்று நினைத்தோம், பெரிதாகப் போயிற்று. பெரும்பாலான செயலிகள் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு அதற்குள் இருக்கும் கடைகளைக் காட்டும். சேலத்தில் நின்று 20 கிலோமீட்டர் வட்டம் போட்டால் ஏற்காடு உள்ளே வந்துவிடுகிறது, ஏனென்றால் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர்தான். சாலையில் போனால் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு பாக்கெட் மிளகுக்காக யாரும் மலை ஏறப்போவதில்லை. மலைமேல் நாகலூரில் இருப்பவருக்குச் சேலத்துக் கடையைக் காட்டினாலும் இதே கதிதான்.

அதனால் வட்டத்தைத் தூக்கிவிட்டோம். நடந்து போகலாம், ஒரே பஸ்ஸில் போகலாம், மலை ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும் என்று மூன்று தூரம். இதற்கான வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், விடுபட்ட தெருவை நாமே சேர்க்கலாம். மலைக் கிராமங்களில் விடுபட்டது நிறைய.

வாரச் சந்தையில் தரையில் கடை போடுபவர்களை எப்படிச் சேர்ப்பீர்கள்?

முகவரிக்குப் பதிலாகக் கிழமையை வைத்து. எந்தச் சந்தை, எந்தக் கிழமை, எந்த நேரம் என்று இருந்தால் போதும். முகவரி கட்டாயம் என்று படிவத்தில் ஒரு வரி வைத்தால், நாம் யாருக்காகச் செய்கிறோமோ அவர்களே வெளியே நிற்பார்கள்.

மலையில் சிக்னல் கிடைக்காதே? என் இருப்பிடம் யாருக்காவது போகுமா?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஒரு கடையின் விவரம் எழுத்தாக மட்டும் இருந்தால் 2 கேபிக்கு மேல் போகாது. 1000 கடை சேர்ந்தாலும் 2 எம்பிதான், ஒரு புகைப்படம் அளவு. ஆகவே பட்டியல் முழுவதையும் உங்கள் போனிலேயே இறக்கி வைத்துவிடுகிறோம். தேடுவது போனுக்குள்ளேயே நடக்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், என்ன தேடினீர்கள் என்பது போனை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை. அடிவாரத்தில் சிக்னல் இருக்கும்போது புதுப்பித்துக்கொண்டு மேலே போகலாம். பெயர், போன் எண் எதுவும் கேட்பதில்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இணங்குவதற்கும் இதுதான் எளிய வழி. வாங்காத தகவலைக் காக்க வேண்டியதில்லை.

தமிழில் தேடலாமா?

நம் மக்கள் பேசுகிறபடியே தேடலாம். இங்கே மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். ஜவ்வரிசியைச் சவ்வரிசி என்றும் எழுதுவார்கள். போனில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களும் உண்டு, அடிக்கவே வராமல் பேசித் தேடுபவர்களும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் இந்த மாற்றுப் பெயர்களைக் கையால் சேர்த்தோம். சலிப்பான வேலை, ஆனால் செயலியிலேயே அதிகம் பயன்படுவது அதுதான். பொத்தானில் தமிழ்ச் சொல் நீளமாக வரும், எழுத்து வெட்டுப்படும். அப்போது எழுத்தைச் சின்னதாக்காமல் பொத்தானைப் பெரிதாக்க வேண்டும். கண்ணாடியில்லாமல் போனைத் தள்ளிப் பிடித்துப் படிப்பவர்களை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

இப்படி வாங்கினால் செலவு கூடுமா?

காய்கறிக்குக் கூடாது. உழவர் சந்தை 1999-இல் தொடங்கிய திட்டம். அடையாள அட்டை உள்ள விவசாயிகள் தரகு இல்லாமல் விற்கிறார்கள், அன்றன்றைய விலை பலகையில் இருக்கும். சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி நான்கிலும் சில்லறைக் கடையைவிடக் குறைவாகவே வாங்கலாம். காலையில் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

கைத்தறிக்குக் கூடும். விசைத்தறிச் சேலை விலைக்குக் கைத்தறி கிடைத்தால் நடுவில் யாரோ ஒருவரின் கூலி குறைந்திருக்கிறது, அல்லது அது கைத்தறியே இல்லை. முடியாதவர்கள் வாங்க வேண்டாம். மாதம் முழுவதும் வாங்குவதில் ஒன்றிரண்டு பொருளை மட்டும் மாற்றினாலும் போதும் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் கேட்டால் சங்கடப்பட மாட்டாரா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. அதிகாரி விசாரிப்பதுபோல் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். “ஏங்கண்ணா, இது எந்த ஊர்ச் சரக்குங்க?”, “அக்கா, இது உங்க தறியில நெய்ததுங்களா, வாங்கி விக்கறதுங்களா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் பெரும்பாலும் ஆசையாகவே சொல்கிறார்கள். அதனால் செயலியில் கேள்விகளைப் பேச்சு வழக்கிலேயே எழுதிவைத்திருக்கிறோம். கூட்டம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். போனை நீட்டிக்கொண்டு கேட்காதீர்கள், வெளியே வந்த பிறகு பதிந்துகொள்ளலாம்.

கடையில் தவறு நடப்பதைப் பார்த்தால் செயலியில் போடலாமா?

போட வேண்டாம். குழந்தை வேலை செய்வதைப் பார்த்தால் 1098-ஐ அழையுங்கள். எடையிலும் விலையிலும் ஏமாற்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரை உரிய இடத்துக்குக் கொண்டுபோக அவர்களால் முடியும், விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. ஒருவர் கோபத்தில் எழுதிய ஒரு வரி சின்னக் கடையை மூடவைத்துவிடும், பிறகு அது பொய் என்று தெரிந்தாலும் போன வாடிக்கையாளர்கள் திரும்ப மாட்டார்கள். தகவலில் பிழை இருந்தால் கடைக்காரர் தன் பதிலைப் பக்கத்திலேயே போடலாம். அந்த வரியை மறுபடி போய்ப் பார்க்கும்வரை நிறுத்திவைக்கிறோம்.

என் கடையைச் சேர்க்க எவ்வளவு பணம்?

எதுவும் வேண்டாம். கொடுத்தாலும் வாங்க மாட்டோம். பட்டியலில் இருக்கும் கடையிடம் விளம்பரமோ கமிஷனோ வாங்கிய நாளிலிருந்து எங்கள் வரிகளை யாரும் நம்ப வேண்டியதில்லை.

அப்போது செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செலவைச் சின்னதாக வைத்துத்தான். பிளே ஸ்டோரில் பதிய ஒரே ஒரு முறை 25 டாலர். வரைபடம் இலவசம். பட்டியல் போனிலேயே இருப்பதால் சர்வருக்குப் பெரிதாக வேலை இல்லை. மிச்சமிருக்கும் செலவெல்லாம் மனிதர்கள் நடந்து போய்ப் பார்க்கும் நேரம், அதை நாங்களே தருகிறோம்.

எங்கள் ஊரில் இதைச் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள், 20 கடைக்கு மேல் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு கடையிலும் ஏதாவது ஒன்று வாங்குங்கள், இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். மாலையில் உட்கார்ந்து, பார்த்தது எது, கேட்டது எது என்று இரண்டு மையில் பிரித்து எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே தெருவுக்கு வேறு ஒருவரை அனுப்பி, நோட்டைக் காட்டாமல் அவரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரிகள் ஒத்துப்போகின்றன என்று தெரியும். செயலியில் முதலில் ஏற்ற வேண்டியவை அந்த வரிகள். ஒத்துப்போகாத வரிகளை எடுத்துக்கொண்டு மூன்றாவது ஆளாக நீங்களே மறுபடி போங்கள், போகும்போது அந்தக் கடைக்காரர் போன தடவை சொன்னதை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.